தேரன்று எடுத்த மே தின லீவு

ஸ்ரீரங்கம்,
யுவ வருஷம், சித்திரை மாதம்.

அண்ணாவுக்கு வேதவதி அநேக நமஸ்காரம். நம்பெருமாள் கிருபையில் இங்கே யாவரும் சௌக்கியம். மெட்ராஸில் நீயும் மன்னியும் குழந்தைகளும் அவ்விதமே இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

உன் மாப்பிள்ளை என்மேல் பிராது எழுதியிருப்பார். நீயும் "வேதா, மன்னிப்புக் கேள்" என்று எழுதப் பேனாவைத் திறந்திருப்பாய். மூடி வை. கேட்கப் போவதில்லை.

பொன்மலை ரயில் பட்டறையில் இவருடைய சங்கத்தார் மே தினக் கூட்டத்தில் இவரைப் பேசச் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் கூடத்தில் ஒத்திகை. சிகாகோ பட்டணத்தில் எட்டு மணி நேர வேலை கேட்டு உயிரையே விட்டார்களாம், மெட்ராஸ் கடற்கரையில் நம்மவர்கள் கொடியேற்றிக் கொண்டாட ஆரம்பித்தே கொஞ்ச வருஷம்தான் ஆகிறதாம், எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி தூக்கம் என்று தூணைப் பார்த்து முழங்கினார். நான் தளிகை உள்ளில் அடுப்பை ஊதிக்கொண்டே, "என்னோட எட்டு மணி எப்போ முடியறது?" என்றேன்.

"அது வேறடி. நீ பண்றது பெருமாள் கைங்கர்யம். அதுக்கு லீவு கிடையாது."

"அப்போ நாளைக்கு அந்தக் கைங்கர்யத்தை நீங்க பண்ணுங்கோ. புண்ணியமும் உங்களுக்கே."

மறுநாள் மே ஒன்று. சித்திரைத் தேரும் அன்றே. கல்யாணமாகி வந்த நாளாய்த் தேரன்று தொட்டியத்திலிருந்து இவர் சித்தப்பா வாழைத்தாரும் பரிவாரமுமாகச் சாப்பிட வருவார். நம்பெருமாள் தேரில் எங்கள் வாசலைத் தாண்டும்போது நான் அடுப்பில் புளியும் மிளகுமாய்ச் சாத்தமுது கொதிப்பதைத்தான் சேவித்துக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை தேர் நிலைக்கு வரும்வரை கூடவே நடப்பதென்று தீர்மானித்தேன். விடிந்ததும் ஸ்நானம் பண்ணிவிட்டுக் கிளம்பியும் விட்டேன்.

மேலச் சித்திரை வீதியில் தேர் திரும்புகிற சமயம், கூட்டத்தைப் பிளந்துகொண்டு கையில் கரண்டியோடு இவர் வருகிறார்! பக்கத்தாத்து அரவிந்தவல்லி, "மாமா, கூட்டத்துல கொடிக்குப் பதிலா இதைத்தான் தூக்கப்போறேளா?" என்றாள்.

"வேதா, மோசம் போயிட்டேன். உப்புப் போட்டேனா இல்லையான்னு சந்தேகம். சாத்தமுதை நாக்குல ஒரு சொட்டு விட்டுண்டுட்டேன்."

அகத்துப் பெருமாள் அமுது செய்யுமுன் தளிகையை ருசி பார்ப்பதாவது! இனி அந்த எச்சிலை அவர் முன் வைத்துக் கண்டருளப் பண்ண முடியாது. அவருக்கு இல்லாதது வேறு யாருக்கும் கிடையாது.

"சித்தப்பா இலை முன்னாடி உட்கார்ந்தாச்சு. ஓடிவந்து புதுசா வடிச்சுடு. பெருமாள் பட்டினிடி!"

அந்த ஒரு வார்த்தைக்கு என் கால் வீட்டுப்பக்கம் திரும்பியது நிஜம், அண்ணா. ஆனால் நிமிர்ந்தால் எதிரே தேரில் அவரே. என்னை விட்டு அவர் நகர்ந்துகொண்டிருக்கிறார்.

"சித்தப்பா கொண்டுவந்த வாழைத்தார் இருக்கே. பாலும் பழமும் கண்டருளப் பண்ணுங்கோ. இலையிலயும் அதையே போடுங்கோ" என்று சொல்லிவிட்டு, வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நடந்தேன்.

தேர் நிலைக்கு வந்ததைக் கண்ணாரச் சேவித்தேன். சித்தப்பா தம் தோட்டத்துப் பழத்தையே சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினார். சாயங்காலக் கூட்டத்தில் இவர் ஓய்வைப் பற்றிப் பேசியபோது குரலே தழுதழுத்ததாம். காலை முழுவதும் அடுப்படியில் நின்றவராயிற்றே! அடுத்த மே தினமும் எனக்கு லீவுதான். தேர் அன்று வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். இதை மன்னியிடம் கட்டாயம் படிக்கக் கொடு.

இப்படிக்கு,
வேதவதி

பி.கு.: செய்த அபசாரத்துக்குக் காவேரியில் முழுகிவிட்டு வாருங்கள் என்று இவரை விரட்டினேன். தலை மறைந்ததும், கொட்டுவதற்கு எடுத்த அந்தச் சாத்தமுதை நானும் ஒரு கரண்டி வாயில் விட்டுக்கொண்டேன். உப்பு கனதிட்டம், என் கைக்கு ஒரு நாளும் அப்படி வாய்த்ததில்லை. மன்னிப்புக் கேட்கப் போவதில்லை என்று மேலே எழுதினேன் அல்லவா? பெருமாளிடம் கேட்டாகிவிட்டது. இவரிடம் மூச்சு விடாதே.