அமெரிக்காவுக்கு முக்காலி தூக்கினவன்

அமெரிக்காவில் துணை ஜனாதிபதியாக யார் வருவார் என்று, அந்த நாட்டு ஜனங்கள் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தினாலும், எங்கள் தோட்டத்து அமெரிக்கா கவலைப்பட்ட அளவுக்குக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். அந்த மனுஷன் சிரம்பானைத் தாண்டிப் போனது வாழ்க்கையில் மூன்று முறைதான். அதிலும் ஒரு முறை பஸ்ஸில் தூங்கிப்போனதால்.

அமெரிக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். மலேசியாவில் லிங்கிப் பக்கம் நாங்கள் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு தடவை ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்து ஆபிஸில் எழுத்து வேலை பார்த்த கிராணியிடம் போய் ஏன் என்று கேட்டோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அமெரிக்காக்காரன் வாங்கேல்லை" என்றார். யாழ்ப்பாணத்து ஆள், அவர் பேச்சு அப்படித்தான். நாங்கள் சரி என்று திரும்பிவிட்டோம். இவர் மட்டும் நகரவில்லை.

"ஏன் வாங்கலை?"

கிராணிக்குத் தெரியவில்லை. மறுநாளும் போய்க் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், இவர் கேட்டுக்கொண்டிருந்தார். செம்பனையை வெட்டி வரிசை வீடு கட்டி, வீதிக்கெல்லாம் பூ பேர் வைத்தார்கள், அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கோயிலைத் தூக்கிக்கொண்டு போய் மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அதைப் பற்றி நாங்கள் அழுதோம். அமெரிக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அங்க வேட்பாளர் இன்னும் ரெண்டாவது ஆளைச் சொல்லலை" என்றார்.

ஜனாதிபதியைப் பற்றி அவருக்கு அக்கறையே கிடையாது. இரண்டாவது ஆள்தான் வேண்டும். ஒரு நாள் அதற்குக் காரணம் சொன்னார். "தலைவரை ஜனங்க எடுக்கிறாங்க. அது கூட்டத்துப் புத்தி. ரெண்டாவது ஆளை அந்த மனுஷன் ஒண்டியா உக்காந்து எடுக்கிறான். அதுலதான் அவன் மனசு தெரியும்."

காமாட்சியின் சாப்பாட்டுக் கடைதான் அவருக்கு ஆபிஸ். சிங்க் தகரக் கூரை, நாலு மேசை, சிவப்புப் பிளாஸ்டிக் முக்காலிகள். வேலையை விட்டு ஓய்ந்துபோன கிராணி அங்கே இங்கிலீஷ் பேப்பர் கொண்டுவருவார். கிராணி எழுத்தைப் படிப்பார், அமெரிக்கா படத்தைப் படிப்பார். வாயில் நுழையாத பெயர்கள் என்பதால் அவரே பெயர் வைத்துக்கொள்வார். சிரிப்புக்காரி என்று ஒருத்தி. அவள் ஆகமாட்டாள், வேட்பாளரைவிடப் பெரிதாகச் சிரிக்கிறாள். மாட்டுப் பண்ணைக்காரன் என்று ஒருவன். அவனும் ஆகமாட்டான், சட்டைக் கையை மடித்துவிட்டிருக்கிறான், அவனுக்கே தலைவர் ஆகிற ஆசை இருக்கிறது. கடைசித் தடவை அவர் பிடித்தது காதுக்காரனை. படத்தில் ஓர் ஓரமாக, முக்கால்வாசி மறைந்து, இரண்டு காதும் மட்டும் தெரிய நின்றான்.

"இவன்தான். ரெண்டாவது ஆளுக்கு வாய் வேணாம்லா. காதுதான் வேணும்."

இதில் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு நினைவு தெரிந்து இத்தனை தேர்தலில் அவர் சொன்ன ஆள் ஒரு தடவைகூட வந்ததில்லை. பொம்பளை வருவாள் என்றால் ஆம்பளை வந்தான். அடுத்த தடவை சுதாரித்துக்கொண்டு ஆம்பளை என்றார், பொம்பளை வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தாலாவது ஒன்று பட்டிருக்கும்.

அந்த இரண்டாவது ஆளுக்கு இங்கிலீஷில் ரன்னிங் மேட் என்று பெயர். கூடவே ஓடுகிறவன் என்று கிராணி அர்த்தம் சொன்னார். காமாட்சிக்கு விளங்கவில்லை. "எங்க ஓடணும்? எதுக்கு ஓடணும்?" என்று கேட்டாள்.

அமெரிக்கா பால் ஊற்றாத தே ஓ-வை உறிஞ்சிவிட்டு, "காவடி எடுக்கிறவன் பின்னாலயே ஒருத்தன் முக்காலி தூக்கிட்டு ஓடுவான்ல? அவன்தான் ரன்னிங் மேட்" என்றார்.

கடையே திரும்பி என்னைப் பார்த்தது.

எனக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் ரொம்ப காலம் ஆகிவிட்டது. பங்குனி உத்திரத்தில் அமெரிக்கா காவடி எடுத்தபோது முக்காலி தூக்கினவன் நான். அவருக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். எனக்கு அஞ்சு வயது குறைவு. ஆற்றங்கரையிலிருந்து கோயிலுக்கு இரண்டு மைல் செம்மண் ரோடு. காவடிக்காரர் உட்கார்ந்து ஓயத் திரும்பிப் பார்த்தால் பின்னால் முக்காலி இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. பாதி வழியில் தண்ணீர்ப் பந்தலில் ரோஜா சிரப் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் போட்டது. முக்காலியைக் கீழே வைத்துவிட்டு நாலு கிளாஸ் குடித்தேன். திரும்பினால் முக்காலியின் மேல் மண்டோர் பொண்டாட்டி உட்கார்ந்திருக்கிறார்.

எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற மண்டோர். அவர் பொண்டாட்டியை எழுந்திரு என்று சொல்ல அந்தத் தோட்டத்தில் யாருக்குத் தைரியம் இருந்தது? நான் பக்கத்தில் நின்று இருமிப் பார்த்தேன். அந்தம்மா எனக்கே இருமல் மருந்து சொன்னார். அதற்குள் காவடி அரை மைல் போய்விட்டது. அமெரிக்கா திரும்பிப் பார்த்திருக்கிறார். நான் இல்லை. கொஞ்சம் நின்றிருக்கிறார். மறுபடியும் திரும்பிப் பார்த்திருக்கிறார். அப்புறம் வலது முட்டி மடங்கி விழுந்துவிட்டார். காவடி உடைந்தது.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் மரம் வெட்டப் போகும்போது, "டேய் முக்காலி" என்று கூப்பிட்டார். அதுவே பெயராக நின்றுவிட்டது. என் கல்யாணப் பத்திரிகையில் சொந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையை மாற்றிவிட்டார்கள் என்று இரண்டு குடும்பம் வரவில்லை.

காதுக்காரன் தேர்தல் நடந்த அதே வருஷம் அமெரிக்காவுக்கு இடது கால் கட்டைவிரல் கறுத்தது. இனிப்புநீர் வியாதி. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் விரலை எடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். நிரப்புகிற பாரம் ஒன்றைக் கொடுத்து, கூடவே இருக்க ஓர் ஆள் வேண்டும், மலாயில் தெமான், அந்த ஆள் பெயரை எழுதி, ஆளையும் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை வா என்றார்கள். அவருக்குப் பிள்ளை இல்லை. பொண்டாட்டி போய்ப் பத்து வருஷம்.

அமெரிக்கா அன்றைக்குக் கடைக்கு வந்து உட்கார்ந்த தோரணையை இன்னும் மறக்க முடியவில்லை. பாரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பையைத் தட்டிக்கொண்டார்.

"யோசிக்கிறேன். பல பேர் பேர் அடிபடுது."

"என்னலா யோசனை?" என்றாள் காமாட்சி. "நான் வர்றேன் அண்ணே."

"நீ கடையைச் சாத்தினா ஊரே பட்டினி. எனக்குக் கெட்ட பேரு."

"அப்ப கிராணி ஐயா போகட்டும். இங்கிலீஷ் பேசுவாரு."

"அதான் வேணாங்கிறேன். கிராணி என்னைவிட ஒசரம். இங்கிலீஷ் வேற. டாக்டர் அவரைத்தான் பேஷண்டுன்னு நினைச்சு மரியாதையா அவர் காலை எடுத்திருவான்."

கிராணி பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "எனக்கு ரெண்டு காலும் தேவை" என்றார்.

நான் அங்கேதான் இருந்தேன். கையெட்டும் தூரம். என்னைப் பார்க்கவே இல்லை. ஆமாம், தண்ணீர்ப் பந்தலில் நின்றவனை யார் கேட்பார்கள் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. கூப்பிட்டால் போவோம், கூப்பிடாத இடத்துக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். வயசான காலத்தில் ரோஷத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

திங்கட்கிழமை வந்தது. அவர் போகவில்லை.

"அங்க இன்னும் அறிவிக்கலையே. ஒரு நாட்டை ஆளப்போறவனே அவசரப்படலை. நான் ஒரு கட்டைவிரலுக்கு அவசரப்படணுமா?"

அடுத்த திங்கட்கிழமையும் இதே பதில். அங்கே அந்த வேட்பாளர் இழுத்துக்கொண்டே போனார். இங்கே கறுப்பு பக்கத்து விரலுக்கு ஏறியது, அப்புறம் பாதத்துக்கு வந்தது. அவர் உட்கார்ந்தால் பக்கத்து மேசையில் சாப்பிடுகிறவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். அது அவருக்குத் தெரிந்தது. மூன்றாவது வாரம் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். கிராணியோ பேப்பரைப் பிரிக்காமலே வைத்துவிட்டு, என் முகத்தையும் சாமி படத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். எதையோ சொல்ல வந்து விழுங்குவார்.

காமாட்சி ஈரக் கையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"முக்காலி அண்ணே, நீங்க ஒரு வார்த்தை போய்க் கேட்டா என்ன? வாயில கொழுக்கட்டையா?"

"அவர் கூப்பிடட்டும்."

"அவர் காலு அழுவிகிட்டு இருக்கு. நீங்க ரெண்டு பேரும் மாப்பிள்ளை முறுக்கு முறுக்குறீங்க."

அன்று மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் துண்டால் மூடியிருந்தார். துண்டின் மேல் ஈ. ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போகவில்லை. வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.

"அண்ணே, அறிவிச்சிட்டான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு?"

"காதுக்காரன்தான். நீங்க சொன்ன ஆள்."

என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவை ஜெயித்த ஆள் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் கையை நீட்டி ரேடியோவை மூடினார்.

"அப்படியா. சரி, நாளைக்குப் போவோம்."

கிராணி ஓட்டின மோட்டார் காடியில் போனோம். வார்டில் கூட இருக்கிறவர்களுக்கு நாற்காலி பற்றாது என்று சொல்லி, காமாட்சி கடை முக்காலி ஒன்றை என் மடியில் வைத்துவிட்டிருந்தாள். இருக்கப்போகிறவர் கிராணி, நான் சும்மா தூக்குகிறவன் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி பாரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு பெயரைக் கூப்பிட்டாள். யாரும் எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். எவனோ தூங்கிவிட்டான் போலிருக்கிறது என்று நானும் சுற்றிப் பார்த்தேன்.

"டேய்," என்றார் அமெரிக்கா, தள்ளு நாற்காலியில் உட்கார்ந்தபடி. "கோவிந்தசாமி ஏ எல் பெருமாள். ஒன்னத்தான்டா கூப்பிடுறா."

ஏ எல் என்றால் மகன்; பெருமாள் மகன் கோவிந்தசாமி நான்தான். கிராணி தலையைக் குனிந்துகொண்டார். பாரத்தில் என் பெயரை எழுதினது அவர்தான். எழுதி மூன்று வாரம் ஆகியிருந்தது. அமெரிக்கா பாரத்தை வாங்கிவந்த முதல் நாளே எழுதச் சொல்லி, வெளியில் சொல்லக்கூடாது என்று சாமி படத்தில் அடித்துச் சத்தியமும் வாங்கியிருக்கிறார்.

"அப்புறம் ஏண்ணே என்கிட்ட சொல்லலை?"

"நீயா வர்றேன்னு சொல்லுவேன்னு பார்த்தேன். வர மாட்டேன்னு சொல்லிட்டா?"

டாக்டர் துண்டை விலக்கிப் பார்த்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்றார். முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். எடுத்தது இடது கால், காவடியில் மடங்கினது வலது. அந்த மட்டுக்கும் ஓர் ஆறுதல் என்று நினைத்துப் பார்த்தேன். அது ஆறுதலாக நிற்கவில்லை. மூன்று வாரமும் நான் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தேன்.

ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் கிராணி பேப்பரோடு வந்தார். அங்கே நிஜமாகவே அறிவித்திருந்தார்கள். காதுக்காரன் இல்லை. எங்கள் பட்டியலிலேயே இல்லாத எவனோ ஒருவன். கிராணிக்கு என் பொய் தெரியாது, சத்தமாகப் படித்துவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அமெரிக்கா சிரித்தார். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார். "அன்னிக்கே தெரியும்டா. நான் என்னிக்கு சரியாச் சொல்லியிருக்கேன்?"

"பின்னே ஏன் கெளம்பி வந்தீங்க?"

"வந்து கூப்பிட்டியேடா."

பதினோரு நாள் அந்தச் சிவப்பு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல் இறங்கவில்லை. ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். நான் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, பத்தாம் நாள் கண்ணைப் பாதி திறந்து, "போய் ஏதாச்சும் குடிச்சிட்டு வாடா. மண்டோர் பொண்டாட்டி செத்து இருபது வருஷம் ஆச்சு" என்றார். போனேன். முக்காலியைக் கையில் தூக்கிக்கொண்டுதான் போனேன். கேன்டீனில் எல்லாரும் பார்த்தார்கள்.

மறுநாள் காலை மருந்து கொடுக்க வந்த மிஸ்ஸி, அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தாள். சின்னப் பெண், மலாய்க்காரி. திரையை இழுத்து மூடினாள். அப்புறம் ஒரு பாரத்தை எடுத்துக்கொண்டு வந்து, நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று மலாயில் கேட்டாள். அண்ணன் தம்பியா? மச்சானா? ஒரே ஊரா?

எனக்கு மலாய் நன்றாகவே வரும். அன்றைக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. இங்கிலீஷில்தான் வந்தது. எனக்கு முழுசாகத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான்.

"ரன்னிங் மேட்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அப்படியே எழுதிக்கொண்டாள்.