வீரனுக்கு வாத்தியார் வேண்டாம்

"நம்ம நாயை நானே திருத்துவேன். வெளியாள் யாரும் இந்தப் படியேறக் கூடாது!"

தட்டு குலுங்க மேஜையைத் தட்டிச் சொன்னேன். சத்தத்தில் நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நாய்க்குப் பெயர் வீரன். வைத்தது நான். அதனால்தானோ என்னவோ பொருந்தவில்லை. யாரோ சாலையில் விட்டுப்போனதை இரண்டு வருஷம் முன்னால் எடுத்து வந்தோம். குடை பயம், துடைப்பம் பயம். ஹெல்மெட்டைக் கண்டால் பயம் முற்றிப் பாய்ந்தே விடும். அன்று காலை, கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டோடு எங்கள் மாடிப்படி ஏறினார். வீரன் பாய்ந்தது. கடிக்கவில்லை. ஆனால் அவர் மூன்று படி உருண்டார். முழங்கை சிராய்த்துவிட்டது. எழுந்து நின்று ஒன்றே ஒன்று சொன்னார்: "ஒரு மாசம் டைம். நாய் அடங்கணும். இல்லேன்னா காலி பண்ணுங்க."

அவர் போனதும், நாயை எங்காவது விட்டுவிடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு கண்கள் என்னையே பார்த்தன. ஆனது ஆகட்டும், இதைத் திருத்தியே தீருவது!

"பயந்த நாய்ங்களைப் பழக்கறதுக்குன்னே படிச்ச ஒரு அம்மா இருக்காங்க. கூப்பிடலாங்க" என்று மறுபடியும் ஆரம்பித்தாள் மனைவி.

"எதுக்கு? பதினெட்டு வருஷமா டிரைவிங் ஸ்கூல்ல நான் பயந்தவங்களைத்தானே பழக்கறேன்?"

"அவங்க பயப்படறதே உங்களைப் பார்த்துத்தானே?"

"நான் கத்தினா டக்குனு பிரேக் போடறாங்கல்ல?"

"ஆமா. நடுரோட்டுல."

"முடியாதுன்னா முடியாது."

"சரிங்க."

அவள் சட்டென்று 'சரி' சொன்னால் நான் உஷாராகிவிடுவேன். அன்று ஏனோ உஷாராகவில்லை.

மறுநாளே பயிற்சி ஆரம்பம். நானே ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, நேருக்கு நேர் போய், "வீரா! உட்கார்!" என்று அதட்டினேன். வீரன் உட்காரவில்லை. நான் உட்காரும் இடத்துப் பேன்ட் துணியைக் கிழித்துக்கொண்டு ஓடிவிட்டது. நான் கடி ஜோக் அடிப்பவன்தான். ஆனால் இதில் ஜோக்கே இல்லை, வெறும் கடி.

"அந்த அம்மாவை வரச்சொல்லட்டுமா?"

"வேண்டாம்!"

அந்த வாரம் டிரைவிங் ஸ்கூலில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும், நிதானமான பெண்மணி. எதிரே லாரி வந்தது. "பிரேக்! பிரேக்!" என்று வழக்கம்போலக் கத்தினேன். அவர் அலட்டிக்கொள்ளாமல் காரை ஓரங்கட்டினார்.

"சார், நீங்க கத்தினா எனக்குக் கை மரத்துப்போகுது. லாரியை முதல்ல தூரத்துலேர்ந்து காட்டுங்க. பயப்படாம பார்த்தேன்னா ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க. நாளைக்குக் கொஞ்சம் கிட்டப் போவோம்."

வேண்டாவெறுப்பாகச் செய்து பார்த்தேன். மூன்றே நாளில் லாரிக்குப் பக்கத்திலேயே சிரித்துக்கொண்டு ஓட்டினார். எனக்கு மண்டைக்குள் பளிச்சென்றது. நாய்க்கும் இதையே செய்தால்?

மொட்டைமாடியில் அந்தக் கோடியில் ஹெல்மெட். இந்தக் கோடியில் நானும் வீரனும். அது அமைதியாகப் பார்த்தால் ஒரு துண்டு அவித்த முட்டை. தினமும் ஓரடி நெருக்கம். கத்தல் கிடையாது. கத்தத் தோன்றினால் முட்டையை என் வாயில் போட்டுக்கொண்டேன்.

"எப்படிங்க உங்களுக்கு இதெல்லாம் தோணுது?" என்றாள் மனைவி.

"மூளை!" என்றேன். அந்தப் பெண்மணியைப் பற்றி மூச்சு விடவில்லை.

மாதக் கடைசியில் வீட்டுக்காரம்மா ஹெல்மெட்டோடு வந்து படியில் நின்றார். வீரனின் காது விறைத்தது. கத்தாமல் மெதுவாகக் கயிற்றைத் தளர்த்தினேன். வீரன் அவரைப் பார்த்தது. பிறகு என்னை அண்ணாந்து பார்த்தது. அப்படியே உட்கார்ந்தது.

"பரவாயில்லையே! காலி பண்ண வேண்டாம், இருங்க" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். கண்ணில் தூசி விழுந்ததாக மனைவியிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் அந்தப் பெண்மணி லைசென்ஸ் வாங்கிய சந்தோஷத்தில் இனிப்போடு வீட்டுக்கே வந்துவிட்டார். தலையில் ஹெல்மெட்! நான் கயிற்றைத் தேடுவதற்குள் வீரன் வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடி, அவர் காலடியில் மல்லாந்து படுத்துக்கொண்டது.

"இவங்களை இதுக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொன்ன அம்மா இவங்கதாங்க" என்றாள் மனைவி. "நீங்க வேலைக்குப் போனப்புறம் தினமும் வந்து வீரனைப் பழக்கினாங்க. கார் கத்துக்கணும்னாங்க. உங்ககிட்ட அனுப்பிவெச்சேன்."

"அப்ப அந்த லாரிப் பயம்?"

"எனக்கு லாரின்னா பயமே இல்லை சார்" என்றார் அவர். "நேரா சொன்னா நீங்க கேக்க மாட்டீங்கன்னு மேடம்தான்..."

மானத்தில் மிச்சமிருந்ததையாவது காப்பாற்றப் பார்த்தேன். "போகட்டும். வீரனும் நானும்னு ரெண்டு பேர்ல யார் சீக்கிரமா கத்துக்கிட்டது? மறைக்காம சொல்லுங்க."

அவர் வீரனின் வயிற்றைத் தடவிக்கொடுத்தார்.

"வீரன் பத்தே நாள்ல தயாராயிடுச்சு சார். உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம்."