மேடுபள்ளத்தார் கண்ட கிடங்கு

உலகத்தில் தட்டையான பொருள் ஒன்றுகூடக் கிடையாது என்று சத்தியம் பண்ணத் தயாராக இருந்த ஒரே மனிதர் எங்கள் மேடுபள்ளத்தார்தான். கிளிநொச்சியில் நீர்ப்பாசனக் கந்தோர் ஒன்றில் அவர் படம் கீறுபவர், நான் கிளார்க். அவருடைய சொந்தப் பெயர் கந்தோர் வரவு இடாப்புக்கு மட்டுமே தெரியும்.

சாப்பாட்டுக் கடையில் சோற்றைக் குவித்து, உச்சியில் சொதியை விட்டு, அது எந்தப் பக்கத்தால் இறங்குகிறது என்று பார்த்த பிறகுதான் கை வைப்பார். ஒருநாள் கண்ணயர்ந்திருந்த பியோனின் வழுக்கைத் தலையில் பென்சிலால் சம உயரக் கோடுகள் கீறிவிட்டார். கேட்டதற்கு, "நல்ல வடிவான குன்று, விட மனம் வரேல்லை" என்றார்.

அப்போதுதான் விமானத்திலிருந்து எடுத்த படங்கள் வந்தன. ஒரே இடத்தின் இரண்டு படங்களை அருகருகே வைத்து, இரட்டை வில்லைக் கண்ணாடியால் பார்த்தால் நிலம் எழும்பி நிற்கும். மேடுபள்ளத்தார் அதற்குள் குடிபுகுந்தே விட்டார். உருத்திரபுரத்தின் புது வாய்க்காலை அதைப் பார்த்தே கீறினார். எஞ்சினியரும் கையெழுத்து வைத்தார்.

பிறகு ஒருநாள் செல்லம்மாக்கா வந்தா. இன்னும் வெட்டத் தொடங்காத அந்த வாய்க்கால் போய் முடிவது அவவின் வயலில். தண்ணீர் இல்லாமல் இரண்டு போகம் தரிசு. மூன்றாவதும் விதைக்காவிட்டால் காணியை அரசாங்கம் திருப்பி எடுத்துவிடும். மேடுபள்ளத்தார் களிமண்ணில் செய்து வைத்திருந்த நிலத்தின் மாதிரியைப் பெருமையாகக் காட்டினார்.

"தம்பி, என்ர வயலுக்கு முன்னால பிட்டியெல்லோ இருக்கு? நீங்கள் கிடங்கு தோண்டி வைச்சிருக்கிறியள்!"

"அக்கா, படம் பொய் சொல்லாது."

"நான் அந்தப் பிட்டியில ஏறி இறங்கித்தானே வாறன். என்ர கால் பொய் சொல்லுமோ?"

மனிதருக்கு முகம் சிவந்தது. உச்சி வெயிலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், பின்னேரம் காற்சட்டை முழுக்கச் செம்மண்ணோடு வந்தார்.

"இடப்பக்கப் படத்தை வலப்பக்கத்தில வைச்சிட்டன். அப்பிடி மாறி வைச்சா மேடெல்லாம் பள்ளமாத் தெரியும். முழுப் பிழையும் என்ர."

எஞ்சினியர் அசையவில்லை. "கையெழுத்து வைச்ச படத்தை மாத்தேலாது. போய் வேலையைப் பாரும்."

நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். நானும்தான், அதை நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. மேடுபள்ளத்தார் மட்டும் மூன்று நாள் களிமண் குழைத்தார். நாலாம் நாள் புது மாதிரியை எஞ்சினியரின் மேசையில் வைத்தார். கையில் தண்ணீர் நிறைந்த கேத்தல்.

"சேர், இது நீங்கள் கையெழுத்து வைச்ச வழி."

ஊற்றினார். தண்ணீர் பிட்டியில் முட்டித் திரும்பி, பைல்களைக் கடந்து, எஞ்சினியரின் மடிக்குள் இறங்கியது. அவர் கதிரையோடு துள்ளி எழும்பினார்.

"இனிப் பிட்டியைச் சுத்திப் போற வழியால ஊத்துறன், சேர்."

"வேண்டாம் ஐசே! எங்கை கையெழுத்து வைக்கிறது எண்டு சொல்லும்!"

பிட்டியைச் சுற்றி வாய்க்கால் வெட்டினார்கள், அந்தப் போகமே தண்ணீர் வந்தது. மேடுபள்ளத்தார் வயல் வரம்பில் குப்புறப் படுத்து, கன்னத்தை மண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழும்புங்கோ தம்பி, சேறெல்லோ!"

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா. சரியான பக்கத்தால வருதோ எண்டு பாக்கிறன்."

இப்போதும் சோற்றில் சொதி விட்டால், அது இறங்கி முடியும்வரை நான் கை வைப்பதில்லை.