மேகம் மேய்ப்பவர்

ஆடு மேய்ப்பவரைத் தெரியும். ஒட்டகம் மேய்ப்பவரைத் தெரியும். மேகம் மேய்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு, கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஓமான் மலைகளில் ஊருக்கு ஒருவராவது தேறுவார். ஆண்டில் பத்து மாதம் இவர் சாதாரண மனிதர். பேரீச்சம்பழம் தின்பார், என் மருந்துக் கடையில் முழங்கால் வலிக்குக் களிம்பு கேட்பார், விலையைச் சொன்னால் முறைப்பார். நவம்பர் பிறந்து, பாறைகளின் கொதிப்பு அடங்கி, மலை முகட்டில் கைக்குட்டை அளவுக்கு ஒரு வெள்ளை தென்பட்டதோ இல்லையோ, தீர்ந்தது. மனிதர் வானத்துக்கே மேனேஜர் ஆகிவிடுவார்.

நான் பிழைக்க வந்து கடை போட்ட ஊருக்கு வாய்த்தவர் கல்ஃபான். மின்சாரத் துறையில் ஓய்வுபெற்றவர். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் காப்பி குடிக்கும் கூடத்தில் வாசலோரம் இவர் இடம். காற்றை முகர்வார், ஒரு கல்லைத் தொட்டுப் பார்ப்பார், எறும்பு எந்தப் பக்கம் போகிறதென்று குனிவார், வலது முழங்காலைத் தட்டி அதன் கருத்தையும் கேட்டுக்கொள்வார், பிறகு அங்கிக்குள் ஒளித்து வைத்தபடி இரண்டு செல்போன்களிலும் வானிலைப் படம் பார்த்துவிட்டு, அதற்கு நேர்மாறாகச் சொல்வார். ஏன் நேர்மாறாக? செல்போன் சொல்வதையே சொல்ல கல்ஃபான் எதற்கு?

“இந்த மேகத்துக்கு வயிறில்ல” என்பார். “அது ஈரானுக்குப் போற மேகம், வழி கேக்க நிக்குது” என்பார். மழை வந்தால், “சொன்னேனா இல்லையா?” வராவிட்டால், “வரத்தான் வந்துச்சு. மலைக்கு அந்தப் பக்கம் பெஞ்சிட்டுப் போயிடுச்சு.” இன்ஷா அல்லாஹ், அதாவது இறைவன் நாடினால், என்பதை ஊரார் பணிவோடு சொல்வார்கள். இவர் அதைக் காப்பீட்டுப் பத்திரம் மாதிரி கடைசியில் ஒட்டுவார்.

இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன், போன நவம்பர் வரை.

அந்த மாதக் கடைசியில் ஸுவைனாவின் மகனுக்குக் கல்யாணம். கணவர் இல்லை, விருந்துக்கென்று பன்னிரண்டு ஆடுகளைத் தானே வளர்த்து வைத்திருந்தாள். மசாலா தடவி, வாழைச் சருகில் சுற்றி, ஓலைப் பையில் கட்டி, தணல் நிறைந்த குழியில் இறக்கி, மண் பூசி மூடி, ஒரு நாள் முழுக்க வேகவிடும் ஷுவா இல்லாமல் இங்கே கல்யாணம் இல்லை. ஊர்ப் பொதுக்குழி இருப்பதோ காட்டாற்றுப் படுகை ஓரத்தில். வேறெங்கே தோண்டினாலும் பாறை. வெள்ளம் வந்தால் பன்னிரண்டு ஆடும் கடலுக்கு மொய்.

மேட்டில் இன்னொரு குழி உண்டு. பெண் வீட்டார் ஊர்க் குழி. அவர்களும் அதே நாளில் மூட்டத்தான் போகிறார்கள். ஆனால், மாப்பிள்ளை வீட்டு விருந்து பெண் வீட்டுக் குழியில் வெந்தால் என்ன ஆகும்? வரப்போகும் மருமகள் பேரப்பிள்ளைகள் வரை சொல்லிச் சிரிப்பாள்.

குழி மூட்டுவதற்கு முதல் நாள் சாயங்காலம் ஸுவைனா கூடத்து வாசலில் வந்து நின்றாள்.

“கல்ஃபான் அண்ணே, காட்டாறு வருமா வராதா?”

“வராது.”

“வரலாம்னு ரேடியோல சொல்றான்.”

“அவன் மஸ்கட்ல ஏசி ரூம்ல உக்காந்து சொல்றான். நான் மலைய மூஞ்சிக்கு மூஞ்சி பாக்கறவன். அண்ணாந்து பாரு, ஒரு பொட்டு மேகம் இருக்கா?”

“இல்லண்ணே.”

“அப்புறம் என்ன? தைரியமா எறக்கு. இன்ஷா அல்லாஹ்.”

மறுநாள் காலையில் குழி தகதகவென்று சிவந்திருந்தது. சொந்தக்காரர்களும் ஊர்ப் பெரியவர்களும் ஆளுக்கொரு ஆடு கொடுப்பது வழக்கம். யாருடைய பொட்டலம் என்று தெரிய, வீட்டுக்கு வீடு கம்பியை ஒவ்வொரு விதமாக முறுக்கியிருப்பார்கள். ஸுவைனா கம்பிகளைப் பார்த்துக்கொண்டே வந்தவள் நின்றாள்.

“அண்ணே, உங்க ஆடு எங்க?”

கல்ஃபான் மலையைப் பார்த்தார்.

“அதுவா... மேல குடுத்தனுப்பிட்டேன். பொண்ணு வீட்டுக்கும் ஒரு மரியாத வேணும்ல?”

“எப்ப?”

“விடிகாலைல, சுபுஹு தொழுதுட்டு.”

“என்கிட்ட வராதுன்னு சொன்னீங்க. உங்க ஆட்டுகிட்ட என்ன சொன்னீங்க?”

குழியைச் சுற்றி நின்ற அத்தனை ஆண்களும் தாடிக்குள் சிரித்தார்கள். ஸுவைனா சிரிக்கவில்லை.

“முஹன்னா, வண்டிய எடு” என்றாள் தம்பியிடம். “எல்லாத்தையும் மேல ஏத்து.”

“அக்கா, மானம் போயிடும்.”

“நாளைக்கு வர்ற நானூறு பேருக்கு மானத்தயா வறுத்து வைப்ப? ஏத்துடா.”

மேட்டுக் குழியருகே மணப்பெண்ணின் அம்மா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். “வாங்க சம்பந்தி. உங்க ஊர்ல நெருப்பு தீந்துபோச்சா?”

“நெருப்பு இருக்கு சம்பந்தி. தண்ணியும் வருதாம்.”

“யார் சொன்னா?”

“ஒரு ஆடு.”

அன்று பகல் மூன்று மணிக்கு எங்கள் தலைக்கு மேல் வானம் துடைத்து வைத்த பீங்கான் போல நீலம். ஒரு சொட்டு விழவில்லை. முந்தின இரவு மலைக்கு அந்தப் பக்கம் கொட்டியிருக்கிறது. முதலில் சத்தம் வந்தது, பிறகு மண் நிறத்தில் வெள்ளம், அதன் மேல் ஒரு வேலமரம், ஒரு டயர், யாரோ ஒருவரின் பிளாஸ்டிக் நாற்காலி. காலியாகக் கிடந்த குழி உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டு மறைந்தது. காட்டாறு வந்தால் ஓடி ஒளிவதா இவர்கள் பழக்கம்? ஊரே செல்போனைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடியது. நான் கடை ஷட்டரை இறக்கிவிட்டு, ஆகத் தள்ளி நின்ற பாறை மேல் ஏறிக்கொண்டேன்.

எல்லோருக்கும் முன்னால், இரு கைகளையும் விரித்தபடி, யார்?

“பாத்தீங்களா? சும்மாவா என் ஆட்ட மேல அனுப்பினேன்!”

விருந்து நன்றாக நடந்தது. மருமகள் இன்றைக்கும் குழிக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறாள். வயிறு நிறைந்த நானூறு பேரை நினைத்து ஸுவைனாவும் கூடச் சேர்ந்து சிரிக்கிறாள். இப்போது கல்ஃபானிடம் யாரும் மழையைப் பற்றிக் கேட்பதில்லை. அவர் காரை மேட்டில் நிறுத்தியிருக்கிறாரா பள்ளத்திலா என்று பார்ப்பதோடு சரி. துல்லியம் என்றால் அப்படியொரு துல்லியம்.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. போன ஐப்பசியில் பக்கத்து வீட்டம்மா, “மிளகாய் காயட்டுமா, மழை வந்துடுமா?” என்று கேட்டபோது, வானத்தை ஒரு பார்வை பார்த்து “வரவே வராது” என்று அடித்துச் சொல்லிவிட்டு, மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறி, சொந்தத் துணியை மட்டும் அள்ளிக்கொண்டு வந்தது யார்?