கொழுந்து லொறியின் பகல் விளக்கு

மதகடியில் இரண்டு பேர் நிற்பதை யேசுரத்தினம் தன் கண்ணாலேயே பார்த்தார். ஒருத்தி கையில் நீலக் குடை, இன்னொருத்தி முதுகில் சாக்கு. உடனே லொறியை இரண்டாவது கியருக்கு இறக்கினார். பக்கத்துச் சீட்டில் கிடந்த சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, சீட்டைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டினார். வளைவைச் சுற்றி மதகுக்கு வந்து சேர்ந்தால் ஆளைக் காணோம். ரோட்டோரத் தேயிலைச் செடிகள் மட்டும் காற்றே இல்லாமல் அசைந்துகொண்டிருந்தன.

மூன்று வாரமாக இதே கதைதான்.

இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறார் யேசுரத்தினம். அந்தப் பாதையில் பஸ் நாளைக்கு இரண்டு தடவைதான். அதனால் பெக்டரியில் கொழுந்தை இறக்கிவிட்டு வெறும் லொறி திரும்பும்போது, வழியில் நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு போவது வழக்கம். பதினெட்டு வருடம் ஓட்டிய பழைய லொறியில் முன்சீட் காலியாக இருந்த நாளே கிடையாது. எஞ்சின் போடும் இரைச்சலுக்கு மேலே தொண்டையை உயர்த்தி, கிளட்ச் எப்படிப் பிடிக்கிறது, இறக்கத்தில் பிரேக் ஏன் சூடாகிறது என்று விளக்கிக்கொண்டே வருவார். ஏறியவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே வருவார்கள்.

மனைவி றோசாலி இறந்த பிறகு அவருடைய பேச்செல்லாம் அந்தச் சீட்டோடுதான். மகள் கேஷானி கட்டாரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கோல் எடுப்பாள். ஆனால் அவர் ஒரு விஷயத்தை விவரமாகச் சொல்லத் தொடங்கினால் போதும், அவள் போனில் சார்ஜ் இறங்கிவிடும். அவ்வளவு எண்ணெய் எடுக்கிற நாட்டில் கரண்டுக்கு இப்படியொரு தட்டுப்பாடா என்று அவருக்குக் கவலை.

போன மாதம் பெக்டரிக்குப் புது லொறி வந்தது. ஜப்பானில் கொஞ்ச காலம் ஓடிவிட்டு வந்தது. எஞ்சின் ஓடுகிறதா என்று குனிந்து கேட்க வேண்டும், அவ்வளவு அமைதி. உள்ளே இருந்து பேசினால் ஒரு சொல் தப்பாமல் கேட்கும். புது லொறியில் அவருக்கு மிகவும் பிடித்ததே அதுதான். முதல் வாரம் எல்லோரும் ஆசையாக ஏறினார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை.

அடுத்த நாள் காலையில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், கங்காணி கிருஷ்ணராஜைப் பிடித்துக் கேட்டார். "ஏன் கங்காணி, ஒருத்தரும் நம்ம வண்டியில ஏற மாட்டேங்குறாங்க?"

கங்காணி வானத்தைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அது வந்துண்ணே... பகல்லயே லைட்டு எரியுதுல்ல. சவப்பொட்டி ஏத்திட்டு வர்ற வண்டி மாதிரி இருக்குன்னு சனங்க யோசிக்குது."

யேசுரத்தினத்துக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. இறுதி ஊர்வல வண்டிதான் அந்தப் பக்கம் பட்டப்பகலில் விளக்கெரிய வரும். முந்தாநாள் தோட்டத்துக் கிழவர் நல்லையா லொறியைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு, மண்மேட்டைப் பார்த்துத் திரும்பி, வண்டி கடக்கும்வரை அசையாமல் நின்றாரே, அது ஏன் என்று இப்போதுதான் விளங்கியது.

ஆக, விளக்கு அணைந்தால் சீட் நிறையும்.

"அது ஒரு லைட்டு இல்ல கங்காணி, ரெண்டு வகை," என்று அவர் ஆரம்பித்தார். கங்காணிக்கு அவசர வேலை வந்துவிட்டது. மீதியை அவர் லொறியிடமே சொன்னார்.

முன்கண்ணாடிக்குக் கீழே பட்டாணி அளவில் கறுப்பாக ஒரு பொட்டு இருக்கிறது. அதுதான் லொறியின் கண். வெளியே வெளிச்சம் குறைந்தால், இருட்டிவிட்டது என்று அது பெரிய விளக்குகளைப் போட்டுவிடும். மடுல்சீமைப் பனிமூட்டம் ஜப்பான்காரனுக்குத் தெரியாததால், காலை பத்து மணிக்கும் அதற்கு இரவுதான். இது போக, எஞ்சினை எழுப்பியதும் எரிகிற வெள்ளைப் பட்டைகள் இரண்டு. எதிரே வருகிறவன் வண்டியைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வைத்த பகல் விளக்கு. சுவிட்சை எந்தப் பக்கம் திருப்பினாலும் அவை அணையாது.

முதலில் அந்தக் கண்ணின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினார். பெரிய விளக்குகள் இரண்டும் பளிச்சென்று எரிந்தன. அணையவே இல்லை. கண்ணை மூடினால் அதற்கு எந்நேரமும் இரவுதானே. தன் முட்டாள்தனம் உறைத்ததை விட, அந்தப் பொட்டின் நேர்மைதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பக்கத்துச் சீட்டில் சாப்பாட்டுப் பெட்டிதான் இருந்தது.

டேப்பைப் பிய்த்துவிட்டு, கண்ணுக்கு மேலே ஒரு சின்ன டோர்ச்சைக் கட்டித் தொங்கவிட்டார். கண் பகல் என்று நம்பியது. பெரிய விளக்கு அணைந்தது. பகல் என்று ஆனதால் வெள்ளைப் பட்டைகள் முன்னை விடப் பிரகாசமாக எரிந்தன. அன்றைக்கு ரோட்டில் நாய்கூட நிற்கவில்லை.

பிறகு ஒன்று கண்டுபிடித்தார். கைபிரேக் போட்டிருக்கும்போது பட்டைகள் அணைந்துவிடுகின்றன. ஒரே ஒரு பல் மட்டும் இழுத்துவிட்டு ஓட்டினால் என்ன? ஓட்டினார். விளக்கு அணைந்தது. ஆனால் 'கைபிரேக்கை எடு' என்று லொறி வழி நெடுகக் கீச்சிட்டது. பின்சக்கரத்திலிருந்து புகை எழுந்து கொழுந்து மூட்டைகளுக்குள் புகுந்தது. பெக்டரியில் தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ஒரு பிடி கொழுந்தை அள்ளி மோந்து பார்த்தார். இன்னொரு தடவை இந்த வாசத்தோடு கொழுந்து வந்தால் வேறு டிரைவரைத் தேட வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார்.

வேலையும் போனால் சீட்டே இல்லை. அன்று மாலையே பசறைக்குப் போய் மெக்கானிக் றுஷ்தியிடம் லொறியைக் காட்டினார். றுஷ்தி குனிந்து பியூஸ் பெட்டியைத் திறக்க, யேசுரத்தினம் பக்கத்தில் குந்திக்கொண்டு டேப்பிலிருந்து தொடங்கினார். டோர்ச் வரை வருவதற்குள் றுஷ்தி ஏதோ ஒரு பியூஸைப் பிடுங்கி, "சரி, போய்ட்டு வாங்க," என்றான்.

போனது ஹோர்ன். பதினேழு வளைவிலும் அவர் தலையை வெளியே நீட்டி, "வருது, வண்டி வருது!" என்று கத்திக்கொண்டே வீடு சேர்ந்தார். மூன்று வாரத்தில் வெளி ஆட்கள் காதில் விழும்படி அவர் அதிகம் பேசியது அன்றைக்குத்தான்.

மறுநாள் திரும்பவும் போனார். இந்தத் தடவை றுஷ்தி சரியான வயரையே கழற்றினான். பெரிய விளக்கு சுவிட்சைப் போட்டால் மட்டும் எரிந்தது. பட்டைகள் செத்துக் கிடந்தன. ஹோர்னும் திரும்பி வந்தது. அது எந்த வயர், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்பதற்குள் றுஷ்தி கூலிகூட வாங்காமல் கராஜின் பின்பக்கம் போய்விட்டான்.

அடுத்த நாள் பிற்பகல் பனி இல்லை. வெளிச்சமும் சத்தமும் இல்லாமல் லொறி வளைவைச் சுற்றி மதகுக்கு வந்தபோது, அங்கே நீலக் குடையோடு இராக்கம்மா நின்றுகொண்டிருந்தாள். மேல் டிவிஷனில் கொழுந்து பறிக்கிறவள். லொறி அவள் முன்னாலேயே வந்து நின்றது. அவள் இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். பிறகு குடையை மடக்கிக்கொண்டு ஏறினாள்.

"லைட்டு எரியலையேண்ணே," என்றாள் மெதுவாக.

"அணைச்சாச்சு, தங்கச்சி."

"ஏண்ணே அணைச்சீங்க?"

மூன்று வாரமாக அவரிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். லொறியின் கண்ணிலிருந்து ஆரம்பித்து, டேப், டோர்ச், கைபிரேக், றுஷ்தி என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். மேடு பள்ளமான அந்தப் பாதையில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயம் போய்ச் சேர நாற்பது நிமிடம். அவள் தலையாட்டாததுகூட அவர் கண்ணில் படவில்லை. பொட்டின் நேர்மையைச் சொல்லும்போது ஒரு விரலால் அதைத் தடவிக் காட்டினார்.

லயத்தடியில் இராக்கம்மா இறங்கினாள். கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சியா நெனச்சு ஒண்ணு கேக்கட்டுமாண்ணே? கோவிச்சுக்கக் கூடாது."

"நாளைக்கும் ஏத்திக்கச் சொல்றியா? அதுக்கென்ன, கட்டாயம் நிறுத்துறேன்."

"அது இல்லண்ணே. அந்த லைட்டத் திரும்ப எரிய வச்சிருங்க. அது எரிஞ்சாத்தான் ரெண்டு வளைவுக்கு முன்னாடியே நீங்க வர்றது தெரியும், தேயிலைக்குள்ள எறங்கி ஒளிஞ்சுக்க எங்களுக்கு நேரம் கெடைக்கும்."