மரியரட்ணம் என்ன கிழமை?

"ஐயா, நீங்க என்ன கெழமை பொறந்தீங்க?"

இரண்டாம் மாடிப் படியில் வழிமறித்து தின்தின் இப்படிக் கேட்டதும், மரியரட்ணத்தின் கையில் இருந்த பையிலிருந்து இரண்டு லீக்ஸ் வழுகிக் கீழே போனது.

தின்தின் மேல்மாடிக்காரி. பர்மாப் பெண். தாய் அங்கே மோல்மீன் ஊர்த் தமிழ் ஆள் என்பதால் நன்றாகத் தமிழ் பேசுவாள். வயதான தகப்பனோடு ஜெர்மனிக்கு, இந்த வுப்பர்டால் நகரத்துக்கு வந்து இரண்டு வருடம். காணும்போதெல்லாம் சிரிப்பாள். காரணம் இல்லாமல் சிரிக்கிற ஆட்களை மரியரட்ணம் நம்புவதில்லை.

"ஏன் கேக்கிறீர்?"

"சும்மாத்தான் ஐயா. எங்க சங்கத்துக்கு வேணும்."

அவள் கையில் கொப்பி இருந்தது. பேனையும் இருந்தது.

"புதன்," என்றார் மரியரட்ணம். வாயில் வந்தது அதுதான்.

"காலையிலயா, மத்தியானத்துக்கு மேலயா?"

இந்த நாட்டில் பிறந்த திகதி கேட்காதவன் இல்லை. டொக்டர் கேட்பான், வங்கி கேட்கும், கண்ணாடிக் கடைக்காரன்கூடக் கேட்பான். கிழமையை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. காலையா மாலையா என்று கேட்கிறவள் சும்மா கேட்கிறவள் இல்லை.

"மத்தியானத்துக்குப் பிறகு," என்று சொல்லிவிட்டு, விழுந்த லீக்ஸை எடுக்காமலே வீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டினார்.

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. எண்பத்தைந்தாம் ஆண்டு கிழக்கு பெர்லினில் வந்து இறங்கியபோது, கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் காதுக்குள் சொன்னான்: "உண்மையான பிறந்த திகதியைச் சொல்லிப்போடாதையுங்கோ. கொழும்பில பொலிஸிட்ட லிஸ்ட் இருக்கு." மரியரட்ணம் ஏதோ ஒரு திகதியைச் சொன்னார். பன்னிரண்டு, மூன்று, ஐம்பத்துமூன்று. அகதி அட்டை, வேலை, சாரதிப் பத்திரம், கடைசியில் ஜெர்மன் பாஸ்போர்ட், எல்லாம் அந்தத் திகதியில்தான் நிற்கிறது. அது பொய் என்று தெரிந்தால் பாஸ்போர்ட்டைப் பிடுங்குவார்கள். எழுபத்திரண்டு வயதில் மறுபடி அகதி வரிசையில் நிற்கவேண்டும். நாற்பது வருடமாக அவருக்கு இந்தப் பயம். மனைவி லவினியாவைத் தவிர வேறு ஆருக்கும் தெரியாது.

"அந்தப் பிள்ளை சும்மா கேட்டிருக்கும்," என்றாள் லவினியா.

"சும்மா ஆரும் கொப்பியோட வருவினமே? திகதி பொய்யோ எண்டு பிடிக்கிறதுக்குக் கிழமையைத்தான் கேப்பினம். திகதியைப் பாடமாக்கலாம். கிழமையை ஆர் பாடமாக்கிறது?"

அவர் உடனே தமிழ்க்கடை சிறீதரனுக்கு ரெலிபோன் எடுத்தார்.

"தம்பி, ஒரு பேச்சுக்குக் கேக்கிறன். ஐம்பத்துமூண்டு, மூண்டாம் மாதம், பன்னிரண்டு. என்ன கிழமை?"

"பொறுங்கோ அண்ணை, போனில பாக்கிறன். வியாழன். ஏன், உங்கட பிறந்தநாள்தானே அது?"

"சும்மா கேட்டனான்."

புதன் என்று சொல்லியாயிற்று. பேப்பரில் வியாழன். இதை இப்படியே விட்டால் ஆள் அம்பிட்டான். மேல்மாடிக்கு ஏறி மணியை அடித்தார்.

"பிள்ளை, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். வியாழன். நல்லா ஞாபகம் இருக்கு. வியாழனேதான்."

தின்தின் கொப்பியில் ஏதோ வெட்டி எழுதினாள். பிறகு கைதட்டினாள். "அப்போ நீங்க எலி ஐயா!"

உள்ளே கதிரையில் இருந்த அவளுடைய தகப்பன் ஊ சான் எட்டிப்பார்த்துத் தலையாட்டினார். அந்த மனிதர் வாய் திறந்து ஒரு சொல் பேசி மரியரட்ணம் கேட்டதில்லை.

மரியரட்ணம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

"எலி எண்டு சொல்லிப்போட்டாள், லவினியா. முகத்துக்கு நேரை. களவாப் புகுந்தவன் எண்டதை அவங்கட சங்கத்தில அப்பிடித்தான் சொல்லுறாங்களாக்கும்."

"நீங்கள் மேலையும் கீழையும் ஓடுற ஓட்டத்துக்கு எலி எண்டு ஆரும் சொல்லுவினம்."

அடுத்தநாள் சிறீதரன் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினான். அரிசி வாங்கப் போன இடத்தில், "அந்தப் பர்மாப் பிள்ளையோ? றாட்ஹவுஸில எல்லோ வேலை! கழுத்தில அட்டையோட போறதை நான் கண்டனான்," என்றான்.

றாட்ஹவுஸ் என்றால் நகரத்தின் அலுவலகம். எல்லாருடைய திகதியும் இருக்கிற இடம். மரியரட்ணம் அரிசியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

இதற்கு ஒரே வழிதான் இருந்தது. லவினியாவை அனுப்பவேண்டும். அவர் சொல்லிக்கொடுத்தார்: "இவருக்கு வயசு போட்டுது, மறதி, கிழமை ஞாபகம் இல்லை. இவ்வளவும்தான் சொல்லவேணும். கூடக் கதைக்கக்கூடாது."

லவினியா ஒரு தட்டு ரோல்ஸும் பொரித்து எடுத்துக்கொண்டு போனாள். ஒரு மணித்தியாலம் கழித்துச் சிரித்த முகத்தோடு வந்தாள். தட்டு நிறையத் தேயிலைச் சம்பல் இருந்தது.

"மறதி எண்டு சொன்னனீரோ?"

"ஓம், சொன்னனான். பாவம், அந்தப் பிள்ளை கையைப் பிடிச்சுக்கொண்டு, 'அவங்க அம்மா எதுவும் சொல்லலையா?' எண்டு கேட்டுது. ஞாயிறு பூசை மணி அடிக்கேக்க பிறந்தவர் எண்டு மாமி சொல்லுறவ எண்டு சொன்னன்."

"உண்மையைச் சொல்லிப்போட்டீரோ!"

"எனக்குப் பொய் வராது. உங்களுக்குத் தெரியும்தானே."

ஆக அந்தக் கொப்பியில் இப்போது மூன்று கிழமை இருந்தது. இரண்டு பொய், ஒரு உண்மை. உண்மைதான் மூன்றிலும் ஆபத்து.

வெள்ளிக்கிழமை தபால்பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தது. ஜெர்மனில் அழகாக எழுதியிருந்தது. 'மதிப்புக்குரிய திரு மரியரட்ணம், ஞாயிறு காலை பதினொரு மணிக்கு எங்கள் சங்க மண்டபத்துக்குக் கட்டாயம் வாருங்கள். உங்கள் பிறந்த கிழமைக்காக எல்லாரும் காத்திருப்போம்.'

"இது கந்தோரில கூப்பிடுற டெர்மின்தான்," என்றார் மரியரட்ணம். "நேரம் போட்டிருக்கு, கட்டாயம் எண்டும் போட்டிருக்கு."

"போகாமல் விடுங்கோவன்."

"டெர்மினுக்குப் போகாமல் விட ஏலுமே இந்த நாட்டில?"

இரண்டு நாள் யோசித்தார். பிடிபடுவதைவிடத் தானாகச் சொல்வது நல்லது என்று முடிவுக்கு வந்தார். ஞாயிறு காலை கலியாணக் கோட்டைப் போட்டார். நாற்பது வருடப் பேப்பர் எல்லாவற்றையும் ஒரு பைலில் அடுக்கினார். பூசைக்குக்கூடப் போகாமல் லவினியாவையும் கூட்டிக்கொண்டு தொங்கு ரயிலில் ஏறினார்.

"பாஸ்போர்ட் போனால் நான் தனிய அனுபவிக்கிறன். நீர் மகளோட போய் இரும்," என்றார்.

"சரி. நான் சூட்கேஸில என்னத்தை வைக்கிறது எண்டு யோசிக்கிறன்," என்றாள் லவினியா. அவளுக்கு எதிலும் பகிடி.

மண்டபத்தில் அதிகாரி ஒருவரும் இல்லை. நாற்பது ஐம்பது பேர் லுங்கி கட்டிக்கொண்டு நின்றார்கள். மீன் சூப் வாசம் மூக்கைத் துளைத்தது. வெளியே பிள்ளைகள் வாளியும் கையுமாக ஆளுக்காள் தண்ணீர் ஊற்றிக் கத்தினார்கள். நடுவில் ஒரு நீள மேசை. அதில் வரிசையாக எட்டுப் பொம்மை மிருகங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பூப்போட்ட கிண்ணம்.

தின்தின் ஓடிவந்தாள். "வாங்க ஐயா, வாங்கம்மா! இன்னிக்கு எங்களுக்கு வருசப்பொறப்பு. பெரியவங்க கையில தண்ணி ஊத்திக் கும்புடணும். அவங்கவங்க பொறந்த கெழமைக்கு ஒரு மிருகம் இருக்கு, அது முன்னாடிதான் செய்யணும்."

மரியரட்ணம் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"எலி?"

"எலிதான் ஐயா, வியாழக்கெழமை. புதனுக்கு மட்டும் ரெண்டு இருக்கு, மத்தியானத்துக்கு மேலன்னா தந்தமில்லாத ஆனை. ஞாயிறு கருடன்." அவள் குரலைத் தணித்தாள். "நீங்க ரெண்டு சொன்னீங்க, அம்மா ஒண்ணு சொன்னாங்க. எது சரின்னு மறுபடி கேட்டா உங்க மனசு நோகும். அதனால மூணுக்கும் ஏற்பாடு பண்ணிட்டோம்."

பார்த்தால் உண்மைதான். எலிக்கு முன்னால் நான்கு பேர், யானைக்கு முன்னால் நான்கு பேர், கருடனுக்கு முன்னால் நான்கு பேர். எல்லாரும் முழங்காலில் இருந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஏன் பிள்ளை இதெல்லாம்?"

"ரெண்டு குளிர்காலமா விடியறதுக்கு முன்னாடி வாசப்படிப் பனியில உப்புப் போடறது நீங்கதானே? எங்கப்பா ஒரு நாளும் வழுக்கி விழல. றாட்ஹவுஸ் கன்டீன்ல நான் சூப் ஊத்தும்போதெல்லாம் அங்க வர்றவங்ககிட்ட உங்களப் பத்தித்தான் பேசுவேன்."

கன்டீன்! மரியரட்ணம் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். அவர் உப்புப் போட்டது, ஆராவது விழுந்து வழக்குப் போட்டுவிடுவான் என்ற பயத்தில். அதை இப்போது சொல்ல வாய் வரவில்லை.

அவரைக் கூட்டிப்போய் எலியின் முன்னால் நிறுத்தினார்கள். வாசனைத் தண்ணீர் கையில் விழுந்தது, இளஞ்சூடாக. பிறகு யானை. முன்பின் தெரியாத பெடியன்கள் தலையைத் தரையில் முட்டிக் கும்பிட்டார்கள். இந்த நாட்டில் அவருக்காக ஒருவரும் இப்படிக் காத்து நின்றதில்லை. கருடனின் முன்னால் வந்தபோது அவரால் தாங்க ஏலாமல் போய்விட்டது. கண்ணால் தண்ணீர் ஓடியது.

"பிள்ளை, நிப்பாட்டுங்கோ," என்றார். "இவ்வளவு நல்ல சனத்துக்குப் பொய் சொல்லக்கூடாது. நான் ஞாயிறுதான். மற்ற ரெண்டும் பொய். பாஸ்போர்ட்டில இருக்கிற திகதியும் பொய். வந்த நேரம் பயத்தில சொன்னது. ஆருக்கு அறிவிக்க வேணுமோ அறிவியுங்கோ. பேப்பர் எல்லாம் கொண்டுவந்திருக்கிறன்."

தின்தின் பர்மியத்தில் அதை எல்லாருக்கும் சொன்னாள். சூப் கிண்டிய கரண்டி நின்றது. லவினியா வந்து புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் இதுவரை ஒரு சொல்லும் பேசாத ஊ சான் மெல்ல எழுந்து வந்தார். மரியரட்ணத்தின் பைலை வாங்கி, திறந்தும் பார்க்காமல் கதிரையில் வைத்தார். கிண்ணத்தை எடுத்து அவர் கையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, பெண்சாதியிடம் பழகிய தட்டுத்தடுமாறும் தமிழில் சொன்னார்:

"பேப்பர்ல நான் ஜனவரி ஒண்ணு, எம் மக ஜனவரி ஒண்ணு, இங்க நிக்கிறதுல முக்காவாசிப் பேரு ஜனவரி ஒண்ணு, அதனாலதான் ஐயா, நாங்க யாருகிட்டயும் தேதி கேக்கறதில்ல."