பதின்மூன்று இலைகள்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துவிடுங்கள். போர்டு எழுதிப் பிழைக்கிறவனுக்கா கையெழுத்து மோசம் என்று கேட்பீர்கள். ஓர் அடி உயரத்துக்கு எழுதச் சொன்னால் முத்து முத்தாக வரும். பேனாவைப் பிடித்தால் கோழி கிளறின மாதிரிதான். படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழைகளை என் மகள் திருத்தியிருக்கிறாள். அவள் கண்ணுக்குத் தப்பியவை என்னுடையவை.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மெஸ்ஸின் சுவரில் நான் வரைந்த இலைச் சாப்பாடுதான் எல்லாவற்றுக்கும் காரணம். என் மச்சான் முருகேசன் வாழை இலை வியாபாரி. ஜீயபுரம் பக்கம் தோட்டங்களில் இலை எடுப்பான். அங்கே இருக்கும் சின்ன மாதா கோயிலின் ஃபாதரை ஒருநாள் அந்த மெஸ்ஸுக்கு அழைத்து வந்திருக்கிறான்.

"படத்தைப் பார்த்தே பசிக்குதுங்களே, யார் வரைஞ்சது?" என்று ஃபாதர் கேட்க, "எங்க மாமாதான் சாமி" என்று இவன் என்னைக் கோத்துவிட்டான்.

பீடத்துக்குப் பின்சுவரில் இயேசுவின் கடைசி இராவுணவை வரைய வேண்டும். மேசை நாற்காலி வேண்டாம், நம் ஊர்ப் பந்தி மாதிரி எல்லோரும் தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பிடட்டும் என்றார் ஃபாதர். நான் தலையாட்டினேன். (எனக்குக் கூச்சம் அதிகம். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவேன்.) பிறகு அவர் சொன்னதுதான் என்னைக் கிறங்கடித்தது.

"மூலையில உங்க பேரைப் போட்டுக்கங்க."

என் வாழ்நாளில் அடுத்தவர் பெயரை மட்டுமே எழுதியிருக்கிறேன். அரிசி மண்டி, சலூன், வட்டிக்கடை. என் பெயர் எந்தச் சுவரிலும் கிடையாது. இதற்காகவே அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

ஆனால் யாராவது பார்த்தால் எனக்குக் கை ஓடாது. ஊர்ப் பெண்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். நான் பெரிய படுதாவைக் கட்டி அதற்குள் புகுந்துகொண்டேன். ஃபாதரே வந்தாலும், "முடியட்டும் சாமி" என்று உள்ளிருந்து முனகுவேன்.

ஃபாதர் படத்தை ஆசீர்வதித்து மந்திரிக்கும் நாள் வந்தது. ஊரே கூடியிருந்தது. பூசை முடிவில் படுதாவை இழுத்தார்கள். சத்தமே இல்லை. பக்தியில் உறைந்துவிட்டார்கள் என்று எனக்குப் புல்லரித்தது. முன்வரிசையில் இருந்த ஆரோக்கியமேரி அக்கா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். பக்கத்தில் இருந்தவரும் சாய்த்தார். கொஞ்ச நேரத்தில் கோயிலே சாய்ந்துகொண்டு பார்த்தது.

"ஏங்க, இலை எல்லாம் மாறிப் போட்டிருக்குங்களே" என்றார் அக்கா.

அவர் அந்த ஊரில் இலை அறுப்பவர். அவர் மட்டுமா, அந்தக் கோயிலில் முக்கால்வாசிப் பேர் இலை அறுப்பவர்கள்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாப்பிட உட்காருகிறவருக்கு இலையின் நுனி இடது கைப்பக்கம் இருக்க வேண்டும். மெஸ் போர்டில் பார்க்கிறவர்தான் சாப்பிடுகிறவர், அதனால் நுனியை நமக்கு இடது பக்கம் போடுவேன். ஆண்டுக்கணக்கில் பழகிய கை இங்கேயும் அப்படியே போட்டுவிட்டது. இங்கே சாப்பிடுகிறவர்களோ எதிரே, நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். பதின்மூன்று பேருக்கும் நுனி வலது கைப்பக்கம்.

"சாவு வீட்டுல கூட இப்படிப் போட மாட்டாங்க" என்றது ஒரு குரல்.

"இயேசு சாமி ஒண்ணும் சொல்லாம உக்காந்திருக்காரு பாரு, அதான் பொறுமை" என்றது இன்னொன்று. ஃபாதர் அங்கியால் வாயை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

நான் பக்கவாட்டுக் கதவு வழியாகத் திருச்சி சத்திரம் பஸ்ஸைப் பிடிக்க நழுவினேன். முருகேசன் மறித்தான்.

"எங்க மாமா போறீங்க? இலை வியாபாரியோட மாமா இலையை மாத்திப் போட்டாருன்னு எனக்கு இனிமே இந்தப் பக்கம் எவன் இலை குடுப்பான்? வந்து திருப்பிட்டுப் போங்க."

திருப்பினேன். இந்த முறை படுதா கட்ட விடவில்லை. ஊர்ப் பெண்கள் பின்னால் உட்கார்ந்து வேலை வாங்கினார்கள். "நுனியை இன்னும் கூரா இழுங்க." "அது கிழிஞ்ச இலை மாதிரி இருக்குங்க, நாங்க அப்படி அனுப்ப மாட்டோம்." வியர்வை பெயிண்டில் சொட்டியது.

கடைசி இலை யூதாஸுடையது, வலது ஓரம். அதன் நுனியை நமக்கு வலப்பக்கம் இழுத்தால் மூலையில் இருந்த என் பெயர் மேல் ஏறும். பிரஷ்ஷைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். வாயைத் திறந்து கேட்கவும் கூச்சம். பின்னால் நின்ற ஃபாதர் என்னைப் பார்த்தார், என் பெயரையும் பார்த்தார்.

"அது யூதாஸ் இலைதானே? அப்படியே இருக்கட்டும்."

"அவனுக்கு அது போதும்" என்றார் ஆரோக்கியமேரி அக்கா.

என் பெயர் பிழைத்தது. என்ன, யூதாஸின் காலடியில் 'சுப்பிரமணி' என்று இருப்பதால், வெளியூர்க்காரர்கள் அதை அவன் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். "ஆசைப்பட்ட மாதிரி பேரு வந்துடுச்சுல்ல" என்கிறாள் என் மனைவி.

நேற்று முருகேசன் மகனுக்குக் கல்யாணம். பந்தியில் என்னைப் பிடித்து உட்கார வைத்து, அவனே எனக்கு இலை போட்டான். சாம்பார், ரசம் எல்லாம் ஆயிற்று. எதிர்ப் பந்தியில் ஒருவர் விடாமல் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மோர் ஊற்றும்போதுதான் குனிந்து பார்த்தேன்.

நுனி வலது கைப்பக்கம் இருந்தது.

ஆவணி பதினாறு.